பூ முறிச்ச கை

இருங்கோ பிள்ளை, இருங்கோ. அந்தப் பையைத் தாங்கோ, நான் மேலை வைக்கிறன். தமிழ்தானே? முகத்தைப் பார்க்கவே தெரிஞ்சுது. ரொறொன்ரோவுக்கோ? நானும் அங்கைதான். ஸ்காபரோவிலை என்ரை தம்பியார் இருக்கிறார், அவரிட்டைப் போறன். எத்தினை நாளைக்கெண்டு கேளாதேங்கோ. எனக்கே தெரியாது. மருமோன்ரை முகத்திலை முழியாமல் எவ்வளவு நாளைக்கு இருக்கலாமோ அவ்வளவு நாளைக்கு இருப்பன்.

என்னடா இது, ஒரு விசரனுக்குப் பக்கத்திலை வந்து இருந்திட்டன் எண்டு நினைக்கிறியள். நினையுங்கோ. பஸ் போய்ச்சேர இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு. ஆருக்கெண்டாலும் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்.

நான் சோதிலிங்கம். ஊர் புன்னாலைக்கட்டுவன். நாங்கள் புகையிலை போட்ட ஆக்கள். பதினாலு வயசிலை தோட்டத்துக்குள்ளை இறங்கின கால் இது. ஒரு போகத்துக்கு ஆறாயிரம் கண்டு நட்டவன் நான். ஆறாயிரம்! என்ரை மருமோன் நிரோசன் நட்டது எத்தினை தெரியுமோ? நாலு. நாலே நாலு. நாலு நட்டவர் ஆறாயிரம் நட்டவனுக்குத் தோட்டம் படிப்பிக்கிறார். அதுவும் போனைப் பார்த்துப் பார்த்துப் படிப்பிக்கிறார். கோவம் வருமோ வராதோ, நீங்களே சொல்லுங்கோ.

என்ன கண்டெண்டு கேளுங்கோவன். கஞ்சா. ஏன் பிள்ளை அங்காலை இங்காலை பார்க்கிறியள்? இஞ்சை கனடாவிலை அது சட்டப்படி சரி. வீட்டுக்கு நாலு மரம் வைக்கலாம், பொலிசுக்காரன் வேலிக்கு மேலாலை பார்த்து வணக்கம் சொல்லிப்போட்டுப் போவான். எனக்கும் முதலிலை உங்களை மாதிரித்தான் நெஞ்சு பக்கெண்டது. மருமோன் வந்து "மாமா, வளவுக்குள்ளை நாலு கஞ்சாச் செடி வைப்பம்" எண்டு சொன்ன அண்டைக்கு நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினனான். எங்கடை பரம்பரையிலை ஒருத்தன் கஞ்சா தொட்டதில்லை எண்டு கத்தினன். புகையிலை வேறை, கஞ்சா வேறை. ஓம், சிரிக்காதேங்கோ. வேறைதான்.

என்ரை மகள் மைதிலிதான் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்திச் சொன்னவள். "அப்பா, இது அம்மாவுக்கு."

என்ரை மனுசி தவமணிக்கு மூண்டு வருசத்துக்கு முந்திப் புற்றுநோய். கீமோ குடுத்து அது போட்டுது, கடவுளே எண்டு போட்டுது. ஆனால் போகேக்கை அவவின்ரை ரெண்டு காலையும் நாசமாக்கிப்போட்டுத்தான் போனது. பாதம் எரியும் பிள்ளை. தணலிலை நிக்கிறமாதிரி எரியுதெண்டுவா. சொக்ஸ் போட ஏலாது. போர்வை பட ஏலாது. குசினியிலை நிண்டு ஒரு தேத்தண்ணி ஊத்திறதெண்டால் ரெண்டு தரம் வந்து கதிரையிலை இருந்திட்டுப் போவா. டொக்ரர் குடுத்த குளிசை போட்டால் ஆளே ஆளில்லை, என்னைப் பார்த்து ஆரெண்டு யோசிப்பா. கடையிலை விக்கிற கஞ்சா எண்ணெய் வாங்கிக் குடுத்துப் பார்த்தம். சத்தி எடுத்துச் சத்தி எடுத்துக் குடல் வெளியிலை வந்தது.

பிறகு நிரோசனோடை சுரங்கத்திலை வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரன், தன்ரை வளவிலை உரமோ மருந்தோ அடிக்காமல் வளர்த்த மரத்திலை தானே காய்ச்சின எண்ணெயெண்டு ஒரு சின்னப் போத்தில் குடுத்தான். நாக்குக்குக் கீழை ரெண்டு துளி. அண்டைக்கு என்ரை மனுசி விடியுமட்டும் நித்திரை கொண்டா. அடுத்தநாள் காலமை தபால் பெட்டிமட்டும் நடந்துபோய்க் கடிதம் எடுத்துக்கொண்டு வந்தா. அந்தப் போத்தில் ஏழு கிழமைக்கு வந்தது. அவன் வேலை மாறி அல்பேட்டாவுக்குப் போகேக்கை நாலைஞ்சு விதையையும் குடுத்திட்டுப் போனான். இந்தக் குளிருக்கெண்டே உள்ள சாதி, கெதியிலை பூக்கும் எண்டு சொல்லிக் குடுத்தவன்.

அதுக்குப் பிறகு நான் ஏன் வாய் திறக்கிறன்? சரி வையுங்கோ எண்டன். வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் சும்மா இருக்கிற ஆளோ? மண் கிடக்க, கண்டு கிடக்க, இந்தக் கை சும்மா கிடக்குமோ?

இப்ப பஸ் ஏறின இந்தச் சட்பரி எண்டது என்ன இடமெண்டு பார்த்தியள்தானே. கறுத்தக் கல்லு. மண்வெட்டியை வைச்சால் ணங் எண்டும். பலகை அடிச்சுப் பெட்டி கட்டி, வெளியிலையிருந்து மண் வாங்கிப் போட்டம். மருமோன் உடனை போனை எடுத்துப்போட்டார். மண்ணுக்குப் புளிப்பு எவ்வளவு, இது எவ்வளவு, அது எவ்வளவு. நான் மண்ணை எடுத்து உள்ளங்கையிலை வைச்சுப் பொத்திப் பார்த்தன். காணாது எண்டன். ஏரியிலை தூண்டில் போடுற ஆக்களிட்டைப் போய் ஒரு வாளி மீன்தலை வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு தலை தாட்டன். "மாமா, ரக்கூன் வந்து கிண்டும்" எண்டார். அந்த மிருகம் கிண்டத்தான் கிண்டினது, அது வேறை கதை. ஆனால் கண்டு எப்பிடி வந்தது எண்டு அவரைக் கேளுங்கோ. யூன் முடியேக்கை என்ரை இடுப்பு. யூலை நடுவிலை என்ரை தோள்.

யூன் மாதத்திலையும் அங்கை உறைபனி விழும். தெரியுமோ? யூன் நாலாம் திகதி! எங்கடை ஊரிலை யூன் எண்டால் சோளகக் காத்து பேய்மாதிரி அடிக்கிற காலம். இஞ்சை புல்லெல்லாம் வெள்ளை பூத்து நிக்குது. வானொலிக்காரன் பின்னேரம் சொன்னவுடனை நான் மனுசியின்ரை பழைய நூல்சேலை எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு ஓடினன். நாலு மரத்துக்கும் நாலு சேலை. காலமை பார்த்தால் நாலு பொம்பிளையள் வரிசையாக் குந்திக்கொண்டு இருக்கிறமாதிரி இருக்கு. முன்வீட்டு வெள்ளைக்காரன் நாயோடை வந்தவன் நிண்டு பார்த்துப்போட்டு வந்த வழியே திரும்பிப் போட்டான்.

இவ்வளவும் செய்தவன் நான். மருமோன் என்ன செய்தார்? ஒரு தாள் எழுதினார். தமிழிலை ரைப் அடிச்சு, பெரிய எழுத்திலை, எனக்குக் கண் தெரியாதெண்டு பெரிய எழுத்திலை, பிறிச்சுக் கதவிலை ஒட்டினார். எவ்வளவு தண்ணி ஊத்திறது, எப்ப மூடுறது, எதைத் தொடப்படாது. தொடப்படாது! எனக்கு! நான் அந்தத் தாளை வாசிக்கவே இல்லை. எதுக்கு வாசிக்கிறது? வாசிச்சால் ஒத்துக்கொண்டமாதிரி எல்லோ. கோயில் கலண்டரைக் கொண்டுவந்து அதுக்கு மேலை தொங்கவிட்டன். பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும் எண்டு.

சரி. இனித்தான் விசயம்.

ஓகஸ்ட் முதல் கிழமை மொன்றியலிலை மருமோன் பகுதியிலை ஒரு கலியாணம். மகளும் அவரும் நாலு நாள் போட்டினம். தவமணிக்கு அவ்வளவு தூரம் காரிலை இருக்க ஏலாது, நாங்கள் ரெண்டு பேரும் வீட்டிலை. போகேக்கை படலையடியிலை நிண்டு "மாமா, தண்ணி மட்டும் ஊத்துங்கோ, வேறையொண்டும் செய்யவேண்டாம்" எண்டார். ஒருக்கால் இல்லைப் பிள்ளை, மூண்டு தரம் சொன்னவர். காருக்குள்ளை ஏறினாப் பிறகும் கண்ணாடியை இறக்கிச் சொன்னவர். நான் கையை ஆட்டினன், போங்கோ போங்கோ எண்டு.

அடுத்தநாள் விடிய எழும்பிப் போய்ப் பார்க்கிறன், நாலு மரத்திலையும் உச்சியிலை பூ. வெள்ளை மயிர்மாதிரி, சின்னச் சின்னக் கொத்து.

உங்களுக்குத் தோட்டம் தெரியாது, நான் சொல்லுறன் கேளுங்கோ. புகையிலையிலை பூ வந்தால் என்ன செய்யோணும்? முறிக்கோணும். அண்டைக்கே முறிக்கோணும். விட்டால் சாரமெல்லாம் பூவுக்குப் போயிடும், இலை சன்னமாப் போயிடும், உறைப்பு இராது, யாவாரி வந்து தொட்டுப் பார்த்திட்டுத் துப்பிப்போட்டுப் போவான். பூ முறிக்கிறதுக்கெண்டு ஒரு கை வேணும். பெருவிரல் நகத்தாலை ஒரு கிள்ளு, தண்டு கிழியப்படாது. பக்கத்திலை வெடிக்கிற குருத்தையும் விடப்படாது. எங்கடை பக்கத்திலை பூ முறிக்க ஆள் பிடிக்கிறதெண்டால் முதலிலை என்னைத்தான் கேப்பினம். அவ்வளவு சுத்தமான கை.

முறிச்சன்.

நாலு மரத்திலையும் முறிச்சன். ஒரே நாளிலை எல்லாம் எடுத்தால் மரம் அதிர்ச்சிப்படும் எண்டு பதமாய் மூண்டு விடியல் எடுத்தன். கிளை கிளையாய்த் தேடித் தேடி எடுத்தன். பத்திரமாய் எல்லாத்தையும் அள்ளிக் கொம்போஸ்ற் வாளிக்குள்ளை போட்டுத் தண்ணியும் தெளிச்சு விட்டன், உக்கட்டும் எண்டு. கையெல்லாம் ஒரே பிசின். புகையிலைப் பிசினைவிட மோசம். தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சு, சவுக்காரம் போட்டுத் தேச்சு, மூண்டு நாளும் கழுவிக் கழுவிக் கிணறு... கிணறெங்கை, பைப். பைப்படியிலை நிண்டு கழுவினன்.

அவை திரும்பி வந்த பின்னேரம் நானே கூட்டிக்கொண்டு போனன். பாருங்கோ எண்டன். இலையைப் பாருங்கோ, விரிச்ச கைமாதிரி நிக்குது பாருங்கோ எண்டன்.

மருமோன் கத்தியிருந்தால் எனக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை. நானும் கத்தியிருப்பன், ரெண்டு பேரும் ரெண்டு நாள் கதையாமல் இருந்திருப்பம், முடிஞ்சுது. அவர் கத்தேல்லை. ஒவ்வொரு மரமாய்ப் போய்ப் பார்த்தார். பிறகு மொன்றியலுக்குப் போட்டுக்கொண்டு போன அந்தப் புது வெள்ளைச் சேட்டோடை கொம்போஸ்ற் வாளியைக் கவிட்டுக் கொட்டி, முழங்காலிலை நிண்டு கிண்டிக் கிண்டித் தேடினார். எல்லாம் அழுகி வெந்துபோய்க் கிடக்கு. எழும்பி நிண்டு சொன்னார், "மாமா, பூதான் மருந்து. இலையிலை ஒண்டும் இல்லை. உங்கடை கையிலை ஒட்டின பிசின் இருக்கெல்லோ, அதுதான் மருந்து."

இதை ஆர் எனக்கு முதலே சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. சரி, தாளிலை எழுதியிருந்ததாம். மகள் கலண்டரைத் தூக்கிக் காட்டினவள், மூண்டாவது வரி. சரி, யூன் மாதத்திலை சாப்பிடேக்கையும் ஒருக்கால் சொன்னவராம். நான் கேட்டிருப்பன், கேக்காமலும் விட்டிருப்பன். ஆனால் சொல்லுற விதமெண்டு ஒண்டு இருக்கெல்லோ? ஆறாயிரம் கண்டு நட்டவனிட்டை வந்து, "மாமா, நீங்கள் செய்தது வேறை பயிர், இது வேறை பயிர்" எண்டு பக்கத்திலை இருந்து பணிவாய்ச் சொல்லியிருந்தால் நான் கேக்கமாட்டனோ?

என்ன, அப்பிடித்தான் சொன்னவரோ? சொன்னவர்தான் போலை கிடக்கு. எனக்கு வடிவா ஞாபகம் இல்லை.

பிறகென்ன. திரும்பவும் பக்கத்திலை சின்னச் சின்னதாய்ப் பூ வெடிக்கத் தொடங்கினது. முத்துறதுக்கு ஆறு கிழமை வேணுமாம். எங்கடை ஊரெண்டால் ஆறு கிழமை என்ன, ஆறு மாதம் வெயில் எறிக்கும். இஞ்சை செப்ரெம்பர் பன்னிரண்டு முதல் உறைபனி. மூடினம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மூடினம். மருமோன் சுரங்கத்தாலை வந்து உடுப்பும் மாத்தாமல் வந்து மூடுவார், நான் ஒரு முனையைப் பிடிக்க வந்தால் "நீங்கள் இருங்கோ மாமா" எண்டுவார். அந்த "இருங்கோ மாமா" இருக்கே! அதுக்கு என்னைச் செருப்பாலை அடிச்சிருக்கலாம். இருபத்தோராம் திகதி விழுந்தது பாருங்கோ ஒரு குளிர், சேலையே மட்டைமாதிரி விறைச்சு நிண்டது. காலமை எல்லாம் கறுத்துத் தொங்குது, கொதிதண்ணி ஊத்தினமாதிரி.

மிஞ்சினதைக் கிள்ளி எடுத்துக் காய்ச்சினதிலை ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூட வரேல்லை. அதைக் குடுத்தும் பார்த்தம். ஒரு சுகமும் இல்லை. விதையும் முடிஞ்சுது. அந்த வெள்ளைக்காரனைத் தேடிப் பிடிச்சு விதை எடுத்தாலும் இனி அடுத்த யூன். அதுக்குள்ளை ஒரு முழுப் பனிக்காலம். அங்கைத்தைப் பனிக்காலம் ஏழு மாதம் பிள்ளை. குளிருக்கு அவவின்ரை கால் இன்னும் எரியும். போன வருசம் பார்த்தனான், சுவரைப் பிடிச்சுக்கொண்டு ரொய்லற்றுக்குப் போறதை.

நான் பிழை விட்டனான். இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆனால் தெரியாமல் செய்தது. தெரியாமல் செய்த மனுசனோடை, மரம் கருகின இந்த மூண்டு கிழமையாய் இப்பிடியோ நடக்கிறது? மருமோன் என்னோடை மரியாதையாய்க் கதைக்கிறார். அதுதான் பிள்ளை தாங்கேலாமல் கிடக்கு, மரியாதை. "சாப்பிட்டியளோ மாமா", "குளிருதோ மாமா". மகள் என்ரை முகத்தைப் பாராமல் தேத்தண்ணியை மேசையிலை வைச்சிட்டுப் போறாள்.

இண்டைக்குக் காலமை அவை ரெண்டு பேரும் வேலைக்குப் போனாப் பிறகு தவமணியிட்டைத்தான் கத்தினன். வேறை ஆரிட்டைக் கத்துறது? கட்டிலிலை காலை வெளியிலை விட்டுக்கொண்டு இருந்தா. "பாரப்பா, உன்ரை மருமோன்ரை நடப்பை" எண்டன். "எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் நீயாவது எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருப்பாய். தெரியாத ரெண்டு கிழடுகளையும் வைச்சு இப்பிடி வதைக்கினம்" எண்டன்.

"எனக்குத் தெரியும்" எண்டா.

என்ன தெரியும் எண்டு கேட்டன்.

"பூவிலைதான் மருந்தெண்டு தெரியும். நிரோசன் எனக்கு எல்லாம் சொன்னவர். நீங்கள் முறிச்சதையும் யன்னலாலை கண்டனான்."

கண்டனியோ, கண்டிட்டோ சும்மா இருந்தனி, ஏனப்பா நிப்பாட்டேல்லை எண்டு கேட்டன். கேட்டனான் எண்டு சொல்லுறன், குளறினன் பிள்ளை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவ ஆறுதலாய்ச் சொல்லுறா, "நீங்கள் பாடிக்கொண்டு நிண்டனீங்கள்."

"என்ன?"

"பாடிக்கொண்டு நிண்டு முறிச்சனீங்கள். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருசம். பேக்கரியிலை நிண்டனீங்கள், பார்க்கிங்கிலை நிண்டனீங்கள், ஒருநாள் பாடேல்லை. நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

"ரெண்டாம் நாள்?"

"ரெண்டாம் நாளும் பாடினனீங்கள்."

மூண்டாம் நாளைப் பற்றி நான் கேக்கேல்லை.

நான் பாடினதே எனக்குத் தெரியாது பிள்ளை. அம்மாவாணை தெரியாது. என்ன பாட்டெண்டு கேட்டன், சொல்லுறா இல்லை. தலையணைப் பக்கம் திரும்பிக்கொண்டா.

மருமோனாலை வெளிக்கிட்டனான் எண்டு உங்களுக்குச் சொன்னன் எல்லோ, அது பொய். அந்தப் பெடியன் பாவம். எனக்கு இந்த மனுசியிலைதான் கோவம். ஆர் கேட்டது இவவிட்டை? என்ரை பாட்டு ஆருக்கு வேணும்? ஒரு சத்தம் போட்டிருந்தால், "இஞ்சேருங்கோ" எண்டு ஒரு சத்தம், நான் முதல் மரத்தோடை நிப்பாட்டியிருப்பன். மூண்டு மரம் மிஞ்சியிருக்கும். இந்தப் பனிக்காலம் முழுக்க அவவுக்குக் காணும். நாப்பத்தொரு வருசத்திலை ஏசாத ஏச்செல்லாம் இண்டைக்கு அவவை ஏசவேணும்போலை வந்தது. கோட்டைக் கொழுவிக்கொண்டு வந்து பஸ் ஏறிப்போட்டன்.

அந்த யன்னல் எது தெரியுமோ? குசினி யன்னல். மரங்கள் அதுக்குள்ளாலை மட்டுந்தான் தெரியும். நான் விடிய அஞ்சரைக்கு இறங்கினால் மேலை வர ஏழு மணியாகும். ஒண்டரை மணித்தியாலம், மூண்டு விடியல். அந்த யன்னலடியிலை கதிரை வைக்க இடம் இல்லைப் பிள்ளை. நிண்டுதான் பார்க்கோணும்.